மேரி டியூக்கின் தேயிலைக் கடை

என்னிடம் எம்.ஏ. படித்த மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தேயிலைத் தூள் வியாபாரம் தொடங்கினாள். குன்னூரிலிருந்து மூட்டையாகத் தூள் வாங்கி, வீட்டில் கலந்து, எடைபோட்டு, பாக்கெட் ஒட்டி, பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள டீக்கடைகளுக்குப் போடுகிறாள். கடன் கேட்டுப் போன இடத்தில் “வீட்டுக்காரர் வரலையா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவள் நன்றாகக் கலந்து கொடுத்த தூளைப் பார்த்து, “கலர் நிக்குது, யார் கலந்து குடுத்தாங்க?” என்று கேட்ட கடைக்காரர்களும் உண்டு. ஒருநாள் இரவு போனில் சொன்னாள்: “அம்மா, தூள் விக்கிறதுகூடக் கஷ்டமில்லை. காலையில எந்திரிச்சதும் இன்னைக்கும் போகணுமான்னு தோணுது பாருங்க, அதுதான் கஷ்டம். சோர்ந்து போகாம இருக்க ஏதாச்சும் சொல்லுங்க.”

தமிழ் படித்தவளுக்குத் தமிழ் படித்தவள் சொல்ல உடனே நினைவுக்கு வருவது ‘ஊக்கமுடைமை’. குறளில் அது அறுபதாம் அதிகாரம். வாயில் வந்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன். அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலில், அரசியலில். ஒற்றாடலுக்கும் மடியின்மைக்கும் நடுவே அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. பத்துக் கிலோ தூளை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு பாக்கி கேட்டு நிற்பவளுக்கு ‘மனம் தளராதே’ என்பது, அவளைத் தளரச் செய்கிறவர்களைத் தப்பவிட்டுவிடும் பேச்சாகவும் ஆகலாம். எனவே குறளைச் சொல்லாமல் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தின் யார்க் நகரில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தேயிலை விற்ற மேரி டியூக்கின் கதை அது.

மேரி 1695இல் பிறந்தவர். 1725இல், தமது முப்பதாம் வயதில், யார்க்கின் வால்ம்கேட் தெருவில் மளிகைக் கடை திறந்தார். பெற்றோர் இருவரும் அதற்குள் இறந்திருந்தார்கள். திருமணம் ஆகவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் தேயிலை முழுவதும் சீனாவிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கான்டனில் வாங்கிக் கப்பலேற்றி, லண்டனில் ஏலம் விடும். வரி கடுமையாக இருந்ததால் கள்ளக்கடத்தலும் பெருகியிருந்தது. பணக்கார வீடுகளில் தேயிலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுத் தலைவி இடுப்பில் செருகிக்கொள்வாள். தேநீர் மேசையில் ஊற்றிக் கொடுக்கும் உரிமை அவளுடையது. கடையில் நின்று விற்கும் உரிமை யாருடையது என்பதில்தான் வழக்கு.

யார்க்கில் வியாபாரம் செய்ய இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். ஒன்று, நகரத்தின் குடியுரிமை. மேரியின் தந்தை அதைப் பெற்றிருந்தவர். அவருடைய மகள் என்ற முறையில் மேரி 1725இல் அதை வாங்கிவிட்டார். இரண்டாவது வாசல் ‘மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ்’ என்ற வணிகர் கழகம். நகரின் வணிக உரிமத்தைத் தன் பிடியில் வைத்திருந்த கழகம் அது. உறுப்பினரின் விதவைக்குக் கணவரின் வியாபாரத்தைத் தொடர வழி உண்டு. தானாகவே கடை திறக்கும் மணமாகாத பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

இந்த விதவைக் கணக்கைக் கவனிக்க வேண்டும். லண்டனில் இன்றும் பெயர் சொல்லும் ட்வைனிங்ஸ் தேயிலைக் கடையை 1762 முதல் 1783 வரை நடத்தியவர் மேரி ட்வைனிங் என்ற பெண். திறமையானவர். ஆனால் கணவர் டேனியல் இறந்த பிறகே அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்தது. ஓர் ஆணின் இடத்தை நிரப்ப வந்தவள் என்றால் பொறுத்துக்கொள்வார்கள். தனக்கென்று ஓர் இடம் கேட்பவளைப் பொறுக்க மாட்டார்கள்.

வணிகர் கழகத்தின் மண்டபம் இன்றும் ஃபாஸ்கேட் தெருவில் இருக்கிறது. 1357இல் கட்டத் தொடங்கிய மரக்கட்டடம். ஃபாஸ்கேட் முடிந்து, ஃபாஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வால்ம்கேட். மேரியை அடக்க நினைத்தவர்களும் மேரியும் ஒரே வழியில் நடந்தவர்கள். 1357இல் அந்த மண்டபத்தைத் தொடங்கிய சமயக் கூட்டமைப்பில் ஆண்களோடு பெண்களும் இருந்தார்கள். 1581இல் அந்தக் கழகத்துக்கு உரிமைப் பட்டயம் வழங்கியவர் முதலாம் எலிசபெத், மணமாகாத ஒரு பெண். அதே கழகம் மணமாகாத இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக் கடையை மூடு என்றது. அபராதம் என்றது, சிறை என்று மிரட்டியது.

மேரி மூடவில்லை. ஏழு ஆண்டுகள் அந்த வழக்கு இழுபட்டது. இடையில், குறிப்பிட்ட காலம் வரை மட்டும் விற்றுக்கொள்ளலாம் என்று தற்காலிகச் சலுகை வந்தது. சரக்கைத் தீர்த்துவிட்டுப் போகட்டும் என்று அவர்கள் கொடுத்த சலுகையை, இன்னும் கொஞ்ச காலம் கடையைத் திறந்துவைக்கும் வழியாக மேரி பயன்படுத்திக்கொண்டார். கடைசியில் 1732இல் ஒரு தொகையைக் கட்டி, வாழ்நாள் முழுவதும் வியாபாரம் செய்யும் உரிமையைப் பெற்றார்.

ஏழு ஆண்டு ஊக்கம் எங்கிருந்து வந்தது? தனிமனித வைராக்கியம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. மேரி குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். அரசுத் திருச்சபைக்குப் போக மாட்டோம், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டோம் என்றதற்காக அபராதமும் சிறையும் பார்த்த கூட்டம் அது. மேரியின் பாட்டனார் 1660களில் சிறையிலிருந்தவர். பெண்கள் சபையில் பேசலாம் என்று மார்கரெட் ஃபெல் 1666இலேயே நூல் எழுதியது அந்தச் சமயத்துக்குள்தான். சிறை என்ற மிரட்டல் மேரியின் வீட்டுக்குப் புதிதல்ல. ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு அன்றாட வேலையைப் பார்ப்பது அந்த வீட்டுப் பழக்கம். நாம் ஊக்கம் என்று ஒருத்தியின் நெஞ்சுக்குள் தேடுவது பல நேரம் அவள் பின்னால் நிற்கும் கூட்டத்தில் இருக்கிறது. கூட்டமில்லாத பெண்ணைச் சோம்பேறி, தைரியமில்லாதவள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

சட்டமும் ஒரு காரணம். திருமணமாகாததால்தான் மேரியால் தன் பெயரில் சரக்கு வாங்கவும் விற்கவும் முடிந்தது. மணமான பெண்ணின் சொத்தும் சம்பாத்தியமும் கணவனுடையவை என்ற சட்டம், 1870, 1882 சட்டங்கள் வரும்வரை அங்கே நீடித்தது. உரிமம் கிடைத்த மறு ஆண்டே, 1733இல், மேரி ஹென்றி ஃபிராங்க்லாண்டை மணந்தார். ஏழு ஆண்டுப் போராட்டத்தின் பலன் சட்டத்தின் கண்ணில் கணவர் கைக்குப் போயிற்று. 1739இல் அவர் இறக்க, மேரி மறுபடி தனியாகக் கடையைப் பார்த்தார். 1746இல் தம்பி மகன் வில்லியம் டியூக்கைத் தொழில் பழக அழைத்துக்கொண்டார். 1752இல் மேரி இறந்ததும் கடை வில்லியமுக்கு.

இதற்குப் பின் வரலாறு ஆண்களின் பெயர்களில் ஓடுகிறது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டாமல் மனிதர்களாக நடத்திய ‘ரிட்ரீட்’ இல்லத்தை 1796இல் திறந்த வில்லியம் டியூக் உலகப் புகழ் பெற்றார். அவர் மனைவி எஸ்தர் 1785இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது. டியூக் குடும்பத்தின் கொக்கோ வியாபாரத்தை 1862இல் ஹென்றி ஐசக் ரவுன்ட்ரீ வாங்கினார். நம் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் கிட்கேட், 1935இல் அந்த ரவுன்ட்ரீ நிறுவனம் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் வால்ம்கேட் கடை இருக்கிறது. உறையில் மேரியின் பெயர் இல்லை.

மேரியைப் போற்றுவதோடு முடித்துவிட என்னால் ஆகாது. அவர் விற்ற தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. அதில் போட்ட சர்க்கரை கரீபியத் தீவுகளின் அடிமைகள் விளைவித்தது. 1790களில் அடிமைச் சர்க்கரையை மறுத்தவர்களிலும், 1824இல் ‘படிப்படியாக வேண்டாம், உடனே விடுதலை’ என்று எழுதிய எலிசபெத் ஹெய்ரிக்கைப் பின்பற்றியவர்களிலும் பெண்கள் ஏராளம். அதே தேநீர் மேசையிலிருந்துதான் அவர்கள் எழுந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் தேயிலை நம் மலைகளுக்கும் இலங்கைக்கும் வந்தது. கொழுந்து கிள்ளிய விரல்கள் தமிழ்ப் பெண்களுடையவை. 2015 செப்டம்பரில் மூணாறில், இருபது சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்று சாலையில் உட்கார்ந்தபோது, கம்பெனியை எதிர்த்ததோடு ஆண் தலைவர்களின் தொழிற்சங்கங்களையும் தள்ளி நிறுத்தினார்கள். மண்டபத்து ஆண்கள் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பெயரில் இருக்கிறார்கள். தேயிலையின் வரலாற்றில் ஊக்கம் முதலாளிக்கு மட்டும் உரியதல்ல என்பதைக் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்த அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

இவ்வளவையும் ஒரே இரவில் சொல்லவில்லை. துண்டுதுண்டாக, பல இரவுகளில் சொன்னேன். கேட்டுவிட்டு என் மாணவி ஒரே கேள்வி கேட்டாள்: “அவங்களுக்கு ஏழு வருசம். எனக்கு எத்தனைம்மா?”

தெரியாது என்றேன். “ஆனா தனியா போகாதே” என்றேன். அதே ஊரில் மசாலாப் பொடி போடும் ஒருத்தியும், சேமியா பாக்கெட் போடும் ஒருத்தியும் இருக்கிறார்கள். இப்போது மூவரும் சேர்ந்து ஒரே வண்டியில் கடை கடையாகப் போகிறார்கள். பாக்கி கேட்கும்போது மூவரும் நிற்கிறார்கள். பதினொரு கடைகளில் இரண்டு கைவிட்டுப் போயின, புதிதாக மூன்று சேர்ந்திருக்கின்றன.

சென்ற வாரம் பில் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் போடுவது என்று அச்சகத்தில் கேட்டிருக்கிறார்கள். தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

“பெரிய எழுத்துல போடச் சொல்லிட்டேம்மா.”

நல்லது என்றேன்.