ஏட்டுச் சுரைக்காய்

வைத்தியரிடம் போய் நாடியைக் காட்டி, மருந்துச் சீட்டு வாங்கி, அதைப் பத்திரமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "வியாதி இன்னும் போகவில்லையே!" என்று அங்கலாய்க்கும் மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். சீட்டில் பிழை இல்லை. வைத்தியரும் கெட்டிக்காரர்தான். ஆனால் மருந்து சீட்டில் இருக்கிறதே ஒழிய, வயிற்றுக்குள் போகவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

பெரிய வியாபாரக் கட்டடங்களுக்கும் இப்படி நாடி பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு எரிசக்தித் தணிக்கை என்று பெயர். 1973-ஆம் வருஷம் அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்து நிறுத்த, சில மாதங்களில் அதன் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அதன் பிறகுதான் மேல் நாடுகளில் இந்தத் தொழில் செழித்தது. நிபுணர்கள் வருவார்கள், மின்சார ரசீதுகளைப் புரட்டுவார்கள், கொதிகலனையும் விளக்குகளையும் ஜன்னல்களையும் சோதிப்பார்கள். எந்த ஓட்டை வழியாகக் காசு ஒழுகுகிறது, அதை அடைக்க என்ன செலவாகும், அந்தச் செலவு எத்தனை வருஷத்தில் திரும்பி வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, தடிமனான அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம் அந்த அறிக்கையின் கதி என்ன என்பதுதான் என் மனத்தைக் கவர்ந்த விஷயம். கதை எழுதுகிறவர்களுக்கு, ஒரு மனிதன் உண்மையைத் தெரிந்துகொண்ட இடத்தைவிட, தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்தான் என்பதில்தானே ருசி!

இது பற்றி எனக்குத் தெரிந்த கதைகளுள் மிகச் சிறந்தவை இரண்டு. இரண்டும் நியூயார்க் நகரத்தில் நடந்தவை. இரண்டும் 2009-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டவை. ஒன்று ஒரு கட்டடத்தின் கதை. மற்றொன்று ஒரு சட்டத்தின் கதை.

கட்டடம் எது என்று சொன்னால் உடனே தெரிந்துவிடும்: எம்பயர் ஸ்டேட் கட்டடம். 1930 மார்ச்சில் வேலை தொடங்கி, 1931 மே 1-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். 102 மாடி, 1,250 அடி உயரம். திறந்த வேளை சரியில்லை. பொருளாதார மந்தத்தில் வாடகைக்கு வர ஆள் இல்லாமல், 'எம்ப்டி ஸ்டேட்' - அதாவது காலிக் கட்டடம் - என்று ஊரார் கேலி செய்தார்கள். அந்தக் கேலியையும், 1945-இல் 79-ஆவது மாடி உயரத்தில் வந்து மோதிய ராணுவ விமானத்தையும் தாங்கிக்கொண்டு நின்ற கட்டடம் அது. ஆனால் வயது என்று ஒன்று இருக்கிறது அல்லவா? 2008 வாக்கில் அதை நிர்வகித்து வந்த ஆண்டனி மால்கின், ஏராளமான செலவில் அதைப் புதுப்பிக்க ஏற்பாடு செய்தபோது, எரிசக்திச் செலவையும் கையோடு பார்த்துவிடலாம் என்று நிபுணர்களைக் கூட்டினார். ராக்கி மவுண்டன் இன்ஸ்டிடியூட், ஜான்ஸன் கண்ட்ரோல்ஸ், ஜோன்ஸ் லாங் லாஸால், கிளின்டன் ஸ்தாபனத்தின் தட்பவெப்பத் திட்டக்காரர்கள் ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்ட யோசனைகளைச் சலித்துச் சலித்து, கடைசியில் எட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த எட்டிலும் ஜன்னல் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டடத்தில் 6,514 ஜன்னல்கள். பழையவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதுதான் சாதாரணப் புத்திக்குத் தோன்றும். அவர்களோ ஐந்தாவது மாடியிலேயே ஒரு சின்னப் பட்டறை வைத்தார்கள். ஜன்னலைக் கழற்றி, இரண்டு கண்ணாடிகளையும் பிரித்துக் கழுவி, நடுவே மெல்லிய படலம் ஒன்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, இடைவெளியில் வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயுவை நிரப்பி, மூடித் திரும்ப மாட்டினார்கள். பழைய கண்ணாடியில் 96 சதவீதம் அப்படியே பயன்பட்டது. ஜன்னல் அதே ஜன்னல். ஆனால் வெயிலும் குளிரும் முன்போல உள்ளே நுழைய முடியவில்லை. சுவரோரம் இருந்த ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் தடுப்புகளைச் செருகினார்கள். அதுவரை அந்த ரேடியேட்டர்கள், அறைக்குள் இருந்த மனிதர்களோடு கூட, வெளிச்சுவரையும் வீதியையும் சேர்த்துச் சூடேற்றிக் கொண்டிருந்தன!

ஜன்னலை மட்டும் தனியே எடுத்துக் கணக்குப் போட்டால், போட்ட பணம் திரும்பி வரப் பல வருஷங்கள் ஆகும். சிக்கனமான சொந்தக்காரர் எவரும் அந்த வரியை முதலில் அடித்திருப்பார். ஆனால் ஜன்னலும் தடுப்பும் விளக்குகளும் சேர்ந்து, கட்டடத்தைக் குளிர்விக்கும் பளுவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. பளு குறைந்ததால், குளிர்சாதன யந்திரங்களை அடியோடு மாற்றும் அவசியம் போயிற்று. வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளைப் புதுப்பித்தாலே போதும் என்று ஆயிற்று. அந்த ஒரு மாறுதலில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் மிச்சம். தணிக்கை அறிக்கையை வரி வரியாகப் படித்து, மலிவானதை மட்டும் பொறுக்கி எடுப்பவருக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடாது. சமையலில் உப்புக்குத் தனியாக என்ன லாபம் என்று கேட்பது போன்றது அது.

எரிசக்திக்கென்று கூடுதலாகச் செலவழித்தது 1 கோடியே 32 லட்சம் டாலர். வருஷத்துக்கு மிச்சமாகும் என்று கணித்தது 44 லட்சம் டாலர். அதாவது மூன்று வருஷத்தில் முதல் கைக்கு வந்துவிடும். எரிசக்திச் செலவு 38 சதவீதம் குறையும் என்றார்கள். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உலகத்தில் அநேகம் பேர். இங்கே அது நடக்கவில்லை. ஜான்ஸன் கண்ட்ரோல்ஸ் தன் பங்கு வேலைக்கு ஜாமீன் கொடுத்தது: சொன்ன அளவு மிச்சமாகாவிட்டால் குறைவதைத் தானே ஈடு செய்யவேண்டும். வருஷா வருஷம் அளந்து பார்த்தார்கள். முதல் வருஷமே ஜாமீன் கொடுத்ததைவிட 5 சதவீதம் அதிகமாக மிஞ்சி, 24 லட்சம் டாலர் லாபம் கண்டது.

இனி சட்டத்தின் கதைக்கு வருவோம்.

அதே ஏப்ரலில், 22-ஆம் தேதி, நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் ஒரு திட்டத்தை வெளியிட்டார். நகரத்தின் கரிப்புகையில் ஏறக்குறைய 80 சதவீதம் கட்டடங்களால் வருகிறது என்பது அப்போது நகரசபை சொன்ன கணக்கு. ஆகவே 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களைத் தணிக்கை செய்தாக வேண்டும். செய்வதோடு நில்லாமல், ஐந்து வருஷத்துக்குள் செலவு திரும்பி வரக்கூடிய சீர்திருத்தங்களை நிறைவேற்றியும் ஆகவேண்டும் என்றது திட்டம்.

கட்டடச் சொந்தக்காரர்கள் வெகுண்டு எழுந்தார்கள். அவர்களை வெறும் கருமிகள் என்று தள்ளிவிடுவது நியாயம் அல்ல. அப்போது வாடகை விழுந்து கிடந்தது. வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. அதோடு, காரியாலயக் கட்டடங்களில் ஒரு பழைய சங்கடம் உண்டு. யந்திரம் வாங்க வேண்டியவர் சொந்தக்காரர். மின்சாரக் கட்டணம் குறைந்தால் பல இடங்களில் லாபம் வாடகைதாரருக்கு. கிணறு வெட்டுகிறவர் ஒருவர், தண்ணீர் இறைக்கிறவர் இன்னொருவர் என்றால் மண்வெட்டியை யார் எடுப்பார்கள்? டிசம்பர் முதல் வாரத்தில் மேயர் அந்த ஒரு ஷரத்தைக் கைவிட்டார். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டங்கள் நிறைவேறின.

மிச்சம் இருந்தது என்ன? பத்து வருஷத்துக்கு ஒரு முறை தணிக்கை. இருக்கும் யந்திரங்களை ஒழுங்காக ஓடும்படி திருத்தி வைப்பதும் கட்டாயம். அதுவும் லேசான காரியம் அல்ல. ஒரே அறையில் சூடாக்கும் சாதனமும் குளிரூட்டும் சாதனமும் ஒன்றையொன்று எதிர்த்து மல்லுக்கு நிற்கும் வேடிக்கை இப்படிப்பட்ட கட்டடங்களில் சகஜம். யார் எப்போது அறிக்கை கொடுப்பது என்பதற்கு ஓர் அழகான முறையும் வகுத்தார்கள்: வரிப் பதிவில் உள்ள மனைத் தொகுதி எண்ணின் கடைசி இலக்கம் எதுவோ, அந்த இலக்கத்தில் முடியும் வருஷத்தில் கொடுக்கவேண்டும். 2013 முதல் அறிக்கைகள் ஒழுங்காக வர ஆரம்பித்தன. ஆனால், பெருஞ்செலவுச் சீர்திருத்தங்களைச் செய்தாகவேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. மருந்துச் சீட்டு கட்டாயம். மருந்து அவரவர் இஷ்டம்.

பத்து வருஷம் சென்றது. 2019 ஏப்ரலில் நகர கவுன்சில் வேறு மாதிரிச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்கள் இவ்வளவுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடக் கூடாது. மீறினால், ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் வரை அபராதம். வரம்பு 2024-இல் அமலுக்கு வந்தது. 2030-இல் அது இறுகும். இந்தச் சீர்திருத்தத்தைச் செய், அதைச் செய் என்று புதுச் சட்டம் சொல்வதில்லை. விளைவை மட்டுமே கேட்கிறது. அதன் பிறகு, பெட்டியில் தூங்கிய அறிக்கைகளை வெளியே எடுத்துத் தூசி தட்டுவதற்குச் சொந்தக்காரர்களுக்குக் காரணம் கிடைத்தது.

தணிக்கை செய்தவர்களின் திறமையில் இரண்டு கதைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எம்பயர் ஸ்டேட்டில் முடிவு செய்யும் உரிமையுள்ளவர் ஒருவர் இருந்தார். எப்படியும் செலவழிக்க எடுத்து வைத்த பணம் இருந்தது. பலன் குறைந்தால் பதில் சொல்ல ஆள் இருந்தது. வருஷந்தோறும் அளக்கும் வழக்கமும் இருந்தது. இந்த நாலும் இல்லாத இடத்தில், எவ்வளவு அருமையான அறிக்கையும் அலமாரிக்குத்தான் அலங்காரம்.

ஆகவே, யாராவது தங்கள் காரியாலயத்தில் தணிக்கை நடந்து முடிந்ததென்று பெருமையாகச் சொன்னால், எத்தனை சதவீதம் மிச்சமாகும் என்று நான் கேட்கமாட்டேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் அவர் பதில் சொல்லவேண்டும் என்றுதான் கேட்பேன். அந்த இரண்டும் இருந்தால், சுரைக்காய் ஏட்டை விட்டு இறங்கி அடுப்படிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.