நஞ்சும் நாழிகையும்

திருப்பூரைச் சுற்றியுள்ள பல்லடம், காங்கயம், தாராபுரம் ஊர்ப்புறங்களில் மட்டுமல்ல, தமிழகம் எங்குமே ஒரு சொல்வழக்கு உண்டு. பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியை ஒருவர் உட்கொண்டுவிட்டால், 'மருந்து குடித்துவிட்டார்' என்பார்கள். நோயைத் தீர்ப்பதும் மருந்து. உயிரைப் போக்குவதும் மருந்து! அரிசி, பருப்பு, சீயக்காய் போலப் பூச்சிக்கொல்லியும் வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டதை இந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

2009இல் தனி மாவட்டமான திருப்பூர், அடுத்த ஆண்டிலேயே அங்கு நிகழ்ந்த தற்கொலைகளுக்காகப் பத்திரிகைகளில் பேசப்பட்டது. கடன், குடி, ஓயாத ஷிப்டு வேலை, சொந்த ஊரையும் உறவையும் விட்டு வந்த தனிமை எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. அவை யாவும் கவனிக்க வேண்டியவையே. ஆனால் அறிவியலார் இவற்றோடு வேறொரு கேள்வியையும் கேட்டனர். 'ஒருவர் ஏன் சாக நினைத்தார்?' என்பது பழைய கேள்வி. 'அந்த நேரத்தில் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது?' என்பது புதிய கேள்வி. பல்லாயிரம் உயிர்களைக் காத்த இந்தப் புதிய கேள்வியின் வரலாற்றைத்தான் இங்குக் காணப்போகிறோம்.

எதிர்பாராமல் நடந்த சோதனை

தற்கொலையைப் புள்ளிவிவரங்களின் துணையோடு ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் எமில் டர்க்கைம். 1897இல் வெளிவந்த அவரது நூல், தற்கொலைக்கான வேர்களைச் சமூக அமைப்பில் தேடியது. சாவதற்கு ஒருவர் கையாளும் வழிக்கும் தற்கொலையின் அடிப்படைக் காரணத்துக்கும் தொடர்பில்லை என்பது அவர் கருத்து. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் இதனை மறுப்பார் அதிகம் இல்லை.

மறுப்பு வந்தது அறிஞர்களிடமிருந்து அன்று, சமையல் அடுப்பிலிருந்து! பிரிட்டனில் அக்காலத்தில் வீடுகளுக்குக் குழாய் வழியே வழங்கப்பட்டது நிலக்கரி வாயு. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கலந்திருந்தது. 1963இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் நிகழ்ந்த 5,714 தற்கொலைகளுள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இந்த வாயுவால் ஆனவை. பிறகு, செலவு குறைவு என்பதற்காக வாயு தயாரிக்கும் முறை மாறியது. அதன்பின் வட கடலில் கிடைத்த இயற்கை வாயு வந்தது. அதில் கார்பன் மோனாக்சைடு இல்லை. 1975இல் தற்கொலைகளின் எண்ணிக்கை 3,693ஆகக் குறைந்திருந்தது. வாயுவால் நிகழும் தற்கொலை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. எடின்பரோவைச் சேர்ந்த நார்மன் கிரைட்மன் 1976இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

யாரும் தற்கொலையைத் தடுப்பதற்காக வாயுவை மாற்றவில்லை. மக்களின் துன்பங்களும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மறைந்துவிடவில்லை. ஆயினும் தற்கொலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

'வேறு வழி தேடமாட்டார்களா?'

நீங்கள் இப்போது இப்படிக் கேட்கலாம்: 'சாக வேண்டும் என்று முடிவு செய்தவர் ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியைத் தேடிக்கொள்ள மாட்டாரா?' நியாயமான கேள்விதான். அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்டு சைடன் 1978இல் இதற்கு விடை தந்தார். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தற்கொலைக்கு முயன்றபோது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை அவர் தேடிப் பார்த்தார். அவர்களுள் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர் அல்லது இயற்கையாக இறந்திருந்தனர். ஒருமுறை காப்பாற்றப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் வாழவே செய்தார்கள்.

இதனை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த கலவை, அறை வெப்பநிலையில் ஆண்டுக்கணக்கில் வினைபுரியாமல் இருக்கும். ஒரு தீப்பொறி பட்டால் வெடித்துவிடும். கிளர்வு ஆற்றல் என்னும் சிறு மேடுதான் அதுவரை அதனைத் தடுத்து நிறுத்துகிறது. மனித மனம் வாயுக் கலவை அன்று. எனினும் சிறு தடையும் பேருதவி செய்யும் என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது. இலங்கையில் நஞ்சு உட்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களை மைக்கேல் எட்டில்ஸ்டன் குழுவினர் கேட்டறிந்தபோது, ஏறத்தாழ பாதிப்பேர் முடிவெடுத்த அரைமணி நேரத்துக்குள்ளேயே நஞ்சை உட்கொண்டது தெரியவந்தது. நம் முன்னோர் கணக்கில் அது ஒன்றேகால் நாழிகை! அந்தக் கொடும் நாழிகையைக் கடக்க உதவுவதே தடுப்பின் நோக்கம்.

துப்பாக்கி காட்டிய பாடம்

அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறரால் கொல்லப்பட்டவர்கள் அல்லர், தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் தற்கொலை ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1992இல் கண்டனர். இத்தகைய ஆராய்ச்சிக்கு அரசியல் எதிர்ப்புக் கிளம்பியது. 1996இல் அந்நாட்டு நாடாளுமன்றம் விதித்த ஒரு கட்டுப்பாட்டுக்குப் பின் இத்துறைக்கான மைய அரசின் நிதி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வறண்டு கிடந்தது. 2019 இறுதியில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

இஸ்ரேல் இராணுவம் 2006இல் ஒரு சிறு விதியை மாற்றியது. வார விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அது. ஆண்டுக்குச் சராசரி 28ஆக இருந்த தற்கொலைகள் 16.5ஆகக் குறைந்தன. குறைவு பெரும்பாலும் வார விடுமுறை நாள்களிலேயே ஏற்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அண்டை நாட்டின் சாதனை

நம் கிராமங்களில் துப்பாக்கி இல்லை. அதன் இடத்தில் பூச்சிக்கொல்லி இருக்கிறது. இலங்கையிலும் இதே நிலைதான். 1950 முதல் 1995 வரை அங்குத் தற்கொலை வீதம் எட்டு மடங்காகி, இலட்சம் பேருக்கு 47ஐத் தொட்டது. 1980இல் இயற்றப்பட்ட பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் துணையோடு அந்நாடு ஒவ்வொரு கொடிய நஞ்சாக விலக்கியது. 1984இல் பாரத்தியான், 1995இல் எஞ்சியிருந்த மிகக் கொடிய வகைகள், 1998இல் எண்டோசல்ஃபான், 2008 முதல் 2011 வரை மேலும் மூன்று எனத் தடைகள் தொடர்ந்தன. 2005க்குள் தற்கொலை வீதம் பாதியானது. 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிடச் சுமார் 20,000 தற்கொலைகள் குறைவு! அக்காலத்தில் அங்கு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

'நஞ்சை விலக்கினால் விளைச்சல் என்னாவது?' என்று உழவர் கேட்பார். காமினி மனுவீர குழுவினர் இதனையும் ஆராய்ந்தனர். தடைகளால் விளைச்சல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

வேலூர் முதல் காட்டுமன்னார்கோயில் வரை

தமிழகத்தின் பங்கும் இந்த வரலாற்றில் சிறிதன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்தில் நெடுங்காலமாகப் பிறப்பு இறப்புகளைப் பதிவுசெய்து வருகின்றனர். ஒவ்வொரு இறப்பின் காரணத்தையும் குடும்பத்தாரிடம் பரிவோடு கேட்டறிவது அவர்கள் முறை. ஆபிரகாம் ஜோசப் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1994 முதல் 1999 வரை அங்குத் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 95.2. காவல்துறைப் பதிவுகளின்படி நாட்டின் சராசரியோ இலட்சத்துக்குப் பத்துப் பதினொன்று! தற்கொலை முயற்சி அன்று குற்றமாக இருந்ததால் உண்மை மறைக்கப்பட்டது. நாடு முழுதும் இப்படித்தான். 2010இல் காவல்துறைக் கணக்கு 1,34,599. விக்ரம் படேல் குழுவினரின் மதிப்பீடு சுமார் 1,87,000.

சென்னையில் 1986இல் 'ஸ்நேகா' அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் ஒரு புதிய முயற்சி செய்தார். இரண்டு கிராமங்களில் பூச்சிக்கொல்லிகளுக்கு வங்கிப் பெட்டகம் போன்ற பொதுக் காப்பகம் அமைக்கப்பட்டது. உழவர்கள் தத்தம் மருந்தை அங்கே பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துச் செல்லலாம். வேறிரண்டு கிராமங்கள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. மக்கள் இதனை ஏற்றனர், பயனும் தெரிந்தது. 2013இல் இம்முடிவுகள் வெளிவந்தன. ஆனால் இலங்கையின் அனுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களில், வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு, அதனால் பயனில்லை என்று 2017இல் தெரிவித்தது. சாவி வீட்டிலேயே இருக்கும்போது பூட்டு எவ்வளவு காக்கும்? நஞ்சு வீட்டுக்கே வராமல் இருப்பதுதான் சிறந்த காப்பு.

சட்டமும் சமூகமும்

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகக் கருதச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. ஆகவே வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கத் தேவையில்லை. 2022-23இல் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. மஞ்சள் பாஸ்பரஸ் எலிமருந்தை நிலையாகவே விலக்கியது. பூச்சிக்கொல்லிகளை நிலையாகத் தடைசெய்யும் அதிகாரம் மைய அரசிடம் உள்ளது. அது மோனோகுரோட்டபாஸின் 36 விழுக்காட்டுக் கரைசலை விலக்க 2023இல் ஆணையிட்டது.

பொதுத்தேர்வில் தவறியவர்களுக்கு அதே ஆண்டில் நடக்கும் துணைத்தேர்வும் ஒருவகைத் தடுப்பே. 'எல்லாம் முடிந்தது' என்று எண்ணும் மாணவனுக்கு, 'இன்னும் சில வாரம் பொறு' என்கிறது அது.

நாம் செய்யக்கூடியது

தோட்டம் உள்ளவர்கள் அந்தந்தத் தெளிப்புக்கு வேண்டிய அளவு மட்டுமே மருந்து வாங்குங்கள். மிச்சத்தை வீட்டில் வைக்காதீர்கள். பனியன் கம்பெனி விடுதியிலோ, விசைத்தறிக் கொட்டகையிலோ உடன் வேலை செய்பவர் பேச்சு குறைந்து, உணவு மறந்து, 'இனி என்ன இருக்கிறது' என்று சொன்னால், 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனம் இளகிப் பேசத் தொடங்குவார். அவரைத் தனியே விடாதீர்கள். யாரேனும் நஞ்சு உட்கொண்டுவிட்டால், கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.

உங்களுக்கே அத்தகைய எண்ணம் வந்தால், அது கடந்துபோகக்கூடியது என்பதற்கு மேலே கண்ட ஆய்வுகள் சான்று. அரசின் டெலி-மானஸ் 14416, தமிழகத்தின் 104, ஸ்நேகாவின் 044-24640050 ஆகிய எண்களில் உங்கள் பேச்சைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஒன்றேகால் நாழிகையை யாரோடாவது பேசிக் கடந்துவிடுங்கள்.