சப்ரகமுவத் தோட்ட நிலப்படங்கள்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் காணி வரலாற்றைக் காட்டும் அளவைப் படங்கள். 1815இல் கண்டி இராச்சியத்தோடு சப்ரகமுவவும் பிரித்தானியர் வசமானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரியவை என அனுமானித்தது. கண்டிப் பிரதேசச் சேனைக்கு உரிமை கோருவோர் அரச மானியப் பட்டயமான சன்னசையோ வரி செலுத்திய சான்றையோ காட்ட வேண்டியிருந்தது. சில பருவம் பயிரிட்டு, மீண்டும் காடாக விடப்படுவது சேனை. பயிரிடாத ஆண்டில் அளவையாளர் வந்திருந்தால் அது தரிசாகவே தெரிந்திருக்கும். இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலங்கள் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. பழைய படத்தின்மேல் இன்றைய படத்தை வைத்தால், பள்ளத்து வயல் கிராமத்திடமும் சரிவு தேயிலை, இறப்பரிடமும் இருப்பது புலப்படும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகியும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த மலையகத் தமிழருக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. பின்னாளில் வீடமைப்புக்கென ஒதுக்கப்பட்ட 7 பேர்ச் துண்டுகளுக்கும் உறுதி எழுத அளவைப் படம் வேண்டும்.