ஹீலியம் எங்கே மறைந்தது?

விண்மீன் ஒன்றின் புறத்தோற்றம் பேரண்டத்தின் பிறப்பைப் பற்றிய கொள்கையையே ஐயத்திற்கு உள்ளாக்கிய வரலாறு ஒன்றை உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1947-ஆம் ஆண்டில் ஹியூமசன், சுவிக்கி என்னும் வானநூலார் இருவர், அமெரிக்காவின் பாலோமர் மலையிலுள்ள 18 அங்குலத் தொலைநோக்கியின் துணையால் மங்கிய நீல விண்மீன்கள் 48-ஐப் பட்டியலிட்டனர். நீலம் மிகுந்த வெப்பத்தின் அடையாளம். வெப்பம் மிகுந்தும் அவற்றுட் சில ஒளி குன்றியிருந்ததற்குக் காரணம் அவற்றின் சிற்றுருவமே. இத்தகைய ஒரு வகையினையே வெப்பத் துணைக்குறுமீன்கள் என்கிறோம்.

பேரண்டம் பெருவெடிப்பில் தோன்றியதாயின், முதற் சில நிமிடங்களிலேயே அதன் எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஹீலியமாகியிருத்தல் வேண்டும். 1965-இல் அவ்வெடிப்பின் எச்சமான கதிர்வீச்சு கண்டறியப்பட்டு, அக்கொள்கை வலுப்பெற்றது. ஆனால் மறு ஆண்டிலேயே ஓர் இடர் எழுந்தது. பழைமையான நீல விண்மீன்களின் நிறமாலையில் ஹீலியக் கோடுகள் மிக நலிந்து காணப்பட்டன! முதுமீன்களில் ஹீலியம் இல்லையெனில், கொள்கை நிற்பது எங்ஙனம்?

1967-இல் கிரீன்ஸ்டைன், துருரான், கேமரன் ஆகியோர் விடை கண்டனர். கலங்கிய நீரைக் குடத்தில் அசையாது வைத்தால் மண் அடியிற் படிகிறதன்றோ? அவ்வாறே, ஈர்ப்பு மிகுந்து அமைதியுற்ற வளிமண்டலத்தில் கனமான ஹீலியம் கீழே அமிழ்கிறது. இலேசான ஹைட்ரஜன் மேலே நிற்கிறது. ஹீலியம் அழியவில்லை, மறைந்திருந்தது.

மேலே ஹீலியம் அரிதாகத் தோன்றும் இம்மீனின் உள்ளே எரிவதோ ஹீலியமே! செம்பூத விண்மீனொன்று, பெரும்பாலும் துணைமீனின் ஈர்ப்பால், தன் புறப்போர்வையை இழக்கிறது. எஞ்சுவது சூரியனின் எடையில் ஏறத்தாழப் பாதியுடைய கரு. அது சுமார் பத்துக் கோடி ஆண்டுகள் ஹீலியத்தை எரித்து, முடிவில் வெள்ளைக் குள்ளனாகிறது.

அமிழ்வதற்கு எதிரான செயலும் அங்கே உண்டு. உள்ளிருந்து வரும் ஒளி இரும்பணுக்களை மேலே உந்துகிறது. அங்ஙனம் திரண்ட இரும்பு இம்மீன்களைத் துடிக்கச் செய்யும் என, 1996-இல் கனடாவில் ஷார்ப்பினே குழுவினர் கணித்தனர். அத்துடிப்பினைத் தென்னாப்பிரிக்க வானாய்வாளர் தாமாகவே கண்டறிந்து, 1997-இல் வெளியிட்டனர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிகழும் அத்துடிப்பே இன்று மீனின் உள்ளமைப்பை அறியும் வாயிலாக உள்ளது.

காட்சி பொய்யன்று, ஆயினும் அது மேற்பரப்பின் காட்சி மட்டுமே. கொள்கைக்கு மாறான சான்றைக் காணுங்கால், அச்சான்று எந்த ஆழம்வரை பேசுகிறது என்று முதலில் வினவுங்கள்.