கூலியும் பங்கும்

நம் ஊராகிய கொமரலிங்கத்திலே நம் மரபைச் சார்ந்த இளைஞர் ஒருவர் முடிதிருத்தகம் ஒன்று புதிதாகத் திறக்கத் துணிந்து, அண்மையில் எம்பால் வந்தார். நாற்காலி மூன்று, தொழிலாளர் மூவர், அவருள் இருவர் அவருக்கு மைத்துனன்மார். “ஐயா, இவர்கட்கு நாட்கூலி தருவதா, மாதச் சம்பளமா, வரவிற் பங்கா? எது நியாயம்?” என்று வினவினார். இலக்கணம் கற்பிக்கும் எம்மை இது வினவுவானேன் என்று முதலில் கருதினேம். ஆராய்ந்துழி, இது நம் முன்னோர் பன்னூறாண்டு எதிர்நின்ற வினாவே எனத் தெளிந்தேம்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதல் இராசராச சோழர் 1014ஆம் ஆண்டையொட்டிப் பொறித்த கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரிய நெற்பங்கை வரையறுக்கின்றது. பங்கொன்றுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். அளவு, ஆடவல்லான் என்னும் மரக்கால். அவ்வரிசையிலே நாவிதரும் உளர். பங்கு பெற்றவர் இறப்பின் அடுத்த உறவினர் அப்பணி செய்து அதனைப் பெறுக. அவர் தகுதியிலராயின் தகுதியுடையாரைக் கொண்டு செய்விக்க என்றும் அது விதிக்கின்றது. பணி இன்னது, பங்கு இவ்வளவு, அளக்குங் கருவி இது என மூன்றும் யாவருங் காணக் கல்லிலே நின்றன.

நாட்டுப்புறத்திலோ எழுத்தில்லை; வழக்கமே உண்டு. செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பார் எடுத்த கணக்கிலும் ஊர்ப்பணியாளர்க்குரிய தானியப் பங்குகள் குறிக்கப்பட்டன. நாவிதர் பங்கும் அவற்றுள் ஒன்று. அமராவதியின் இராசவாய்க்கால் பாயும் நம்மூர்க் களங்களிலும் எம் பாட்டனார் மேரை பெற்றவரே. கலியாண வீட்டில் மங்கல வாழ்த்துப் பாடிய அவரே, களத்தில் கடைசியாக நின்று, அளப்போர் கை நோக்கிப் பெற்றார். ஓராண்டு பதர் மிகுந்த நெல்லை அளந்தார் ஒருவர், கேட்க நாவெழவில்லை. பங்கு இருந்தது, கணக்குக் கேட்கும் உரிமை இருந்ததில்லை. துன்பம் அங்கேதான் பிறந்தது.

நிற்க. இன்று அளப்போர் இடத்தில் நிற்பவர் நம்மவரே. ஆதலின் பழைய குறையை நாமே செய்தல் தகாது. வெறும் பங்கெனின், மழைநாளில் வாடிக்கையாளர் வாராத நட்டம் முழுதும் தொழிலாளி வயிற்றின்மேல் விழும். கடைக்கு இடந்தேர்ந்தவரோ முதலாளி. வெறுஞ் சம்பளமெனின், கைத்திறன் மிக்கவனும் சோம்பனும் ஒன்றாவர்; வல்லவன் விலகித் தனிக்கடை வைப்பான்.

ஆதலால் இரண்டையும் இணைத்தலே நன்றென்று யாம் கூறினேம். நாளொன்றுக்கு 500 ரூபாய் அடிக்கூலி என்க. ஒருவர் 1,400 ரூபாய்க்கு வேலை செய்தால் பாதியாகிய 700 பெறுக. 600 ரூபாய்க்கே செய்யின் பாதி 300 ஆயினும் 500 குறையற்க. அடிக்கூலி அரசாங்கம் வகுத்த அளவிற் குறைதலுங் கூடாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணைத் தொழில்களுக்கே குறைந்த கூலி வகுத்தது. 2019இல் இயற்றிய ஊதியத் தொகுப்போ எல்லாத் தொழிற்கும் அதனை விரித்தது. மகளிர் அழகு நிலையத்திற் பணிபுரியும் நம் பெண்மக்கட்கும் அதே விகிதமே அறம்.

பிளேடு, சோப்பு, வாடகை ஆகியவற்றை யார் தாங்குவதென முன்னரே எழுதுக. அன்றாட வரவைக் குறிப்பேட்டிற் பதிந்து, மாலையில் மூவரும் காண வைக்க. விலைவாசி ஏறும்போது கூலியும் ஆண்டுதோறும் ஏறுக. பஞ்சப்படி வேண்டித் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 1984இல் 127 நாள் வேலைநிறுத்தஞ் செய்தமை நம் மாவட்டத்தார் அறிந்ததே.

“மைத்துனன்மாரிடம் எழுத்தெதற்கு?” என்றார் இளைஞர். உறவு கெடாதிருத்தற்கே எழுத்து என்றேம். சிறிது நேரம் வாளாவிருந்து, மறுநாளே குறிப்பேடு வாங்கினார். சங்கத்து அன்பர்காள்! கடை வைத்திருப்போர் யாவரும் இன்று மாலை தத்தம் கணக்கைத் தம் தொழிலாளர்முன் ஒருமுறை விரித்து வைப்பீர்களாக.