டீசல் புல்லட்: வயலின் இஞ்சின் சாலைக்கு வந்த கதை

தஞ்சாவூர் வட்டாரத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்கி, சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று கிளம்புபவர்கள் முதலில் தேடுவது யமஹா ஆர்.எக்ஸ். 100. அடுத்தது ஜாவா, எஸ்டி. கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் பழைய 350 புல்லட். தேட்டம் கூடக்கூட இவற்றின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. அதே புல்லட்டின் சட்டத்தையும் பெட்ரோல் டேங்கையும் சக்கரங்களையும் சுமந்துகொண்டு, அதே திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த இன்னொரு வண்டியை மட்டும் அநேகமாக யாரும் விசாரிப்பதில்லை. என்ஃபீல்டு டீசல் என்றும் டாரஸ் என்றும் நிறுவனத்தார் சொன்ன வண்டி அது. ஊரார் வாயில் டீசல் புல்லட்.

வேகம் இல்லை, சத்தம் அதிகம், புகை கக்கும் என்று ஒதுக்கப்பட்ட இந்த வண்டி இந்தியாவின் பல மாநிலங்களில் ஓடியது. ஆனால் இப்படி ஒரு வண்டி ஏன் தேவைப்பட்டது என்பது விளங்க வேண்டுமானால் காவிரிப் படுகையின் வயல் வரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12இல் அணை திறக்கும், குறுவைக்கு நாற்றங்கால் போடலாம் என்பது டெல்டாவின் நாட்காட்டி ஆனது. 1960களின் தொடக்கத்தில் மத்திய அரசின் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. குறுகிய காலத்தில் விளையும் அந்த ரகம் குறுவையும் தாளடியுமாக இருபோகம் எடுக்கத் தோதாக இருந்தது. இருபோகம் என்றால் நாற்று உரிய நாளில் தயாராக வேண்டும். ஆற்றில் தண்ணீர் வரும்வரை காத்திருந்தால் நாள் தப்பிவிடும்.

அதற்கு விடையாக வந்தவைதான் பில்டர் பாயிண்டுகள். டெல்டா என்பது காவிரி கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் சேர்ந்த பூமி. நிலத்தடி நீர் வெகு ஆழத்தில் இல்லை. ஓட்டை போட்ட குழாயைத் தேங்காய் நார்க்கயிறு சுற்றி இறக்கினால், மணல் வெளியே நின்றுகொள்ளும், தண்ணீர் உள்ளே வரும். மேலே ஒரு ஆயில் இஞ்சினும் பம்பும் வைத்தால் வேலை முடிந்தது. மின் இணைப்புக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு டீசலே கதி.

1974இல் காவிரி பற்றிய 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டுக் காலம் முடிந்தது. தண்ணீர்த் தகராறு முற்றியது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. மறு ஆண்டே 205 டி.எம்.சி. தர வேண்டும் என்ற இடைக்காலத் தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு வந்தும் ஆற்றுத் தண்ணீரை நம்பி நாள் குறிக்க முடியாத நிலை வளர்ந்தது. ஆறு ஏமாற்றிய பருவங்களில் நாற்றங்காலைக் காப்பாற்றியது பில்டர் பாயிண்ட் கொட்டகையில் படபடவென்று ஓடிய இஞ்சின். டீசல் கேன் விவசாயியின் கையில் நிலைத்துவிட்ட சாமான் ஆனது.

இதற்கு இணையாக இன்னொரு கதை சென்னையில் நடந்துகொண்டிருந்தது. எல்லைக் காவலுக்காக 1950களின் முற்பகுதியில் இந்திய அரசு 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. முதலில் உதிரிகளை இறக்கிப் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி அடியோடு நின்றது. திருவொற்றியூர் மட்டும் தொடர்ந்தது. 1977இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது.

டெல்டாவில் புல்லட் என்றால் மிராசுதார் வண்டி, இன்ஸ்பெக்டர் வண்டி. மதிப்பு இருந்தது, பெட்ரோல் செலவும் இருந்தது. லிட்டருக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டுவதே பெரிய காரியம். அன்று அரசு விலை வைத்த டீசலோ பெட்ரோலைவிட மிக மலிவு. 1990களின் நடுவில் பெட்ரோல் விலையில் பாதிகூட இல்லை. வயலுக்கு வாங்கிய கேனிலிருந்தே வண்டிக்கும் ஊற்றிக்கொள்ள முடிந்தால்? இந்தக் கேள்வி ஆலைக்கு எட்டும் முன்பே பட்டறைகளுக்கு எட்டிவிட்டது. இந்தியாவின் பல பகுதிகளில், குறிப்பாக வடக்கே, பம்ப்செட் இஞ்சினைப் புல்லட் சட்டத்தில் பூட்டி ஓட்டினார்கள் மெக்கானிக்குகள். அவர்கள் செய்து காட்டியதைத்தான் பிறகு நிறுவனம் முறைப்படி செய்தது.

டாரஸில் ஏறிய இஞ்சின் 325 சி.சி., ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது. 1859இல் பம்பாயில் தொடங்கிய கிரீவ்ஸ் நிறுவனம், இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து லொம்பார்தினியின் தொழில்நுட்பத்தில் இங்கே தயாரித்தது. அதே குடும்பத்து இஞ்சின்கள்தாம் பம்ப்செட்டுகளிலும் ஜெனரேட்டர்களிலும் பின்னாளில் லோடு ஆட்டோக்களிலும் ஓடின. பெட்ரோல் புல்லட் 18 குதிரைத்திறன் தந்த இடத்தில் இது தந்தது 6.5 மட்டுமே. வண்டியின் எடையோ 200 கிலோவை ஒட்டி. மணிக்கு 65 கிலோமீட்டர் என்பதே உச்சம். பதிலுக்கு, லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் கொடுத்தது. மோட்டார் சைக்கிள் உலகில் பெரும் எண்ணிக்கையில் தயாரித்து விற்கப்பட்ட முதல் டீசல் வண்டி என்று இதைச் சொல்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்வதே தனி வித்தை. டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மிகக் கடுமையாக நெருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து நேரடியாகக் கிக்கரை மிதித்தால் கால் மூட்டு போய்விடும். அதனால் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி அழுத்தத்தை விடுவித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். உள்ளே சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரை விட வேண்டும். ஆயில் இஞ்சினில் கைப்பிடியைச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரைத் தட்டிவிட்டுப் பழகியவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒன்றுமில்லை. நிறுத்துவதும் அப்படித்தான்: சாவியைத் திருப்பினால் அணையாது, டீசல் வரத்தை அடைக்க வேண்டும்.

டீசலை இந்த வண்டி மிச்சம் பிடித்தது உண்மை. ஆனால் அதைச் சுற்றிக் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 உர மூட்டையையும் புல்லுக்கட்டையும் சுமந்து வரப்பு வரைக்கும் போனது. 1984இல் இண்ட்-சுசூகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பானிய 100 சி.சி. வண்டிகள் வரிசையாக இறங்கின. அவற்றில் ஹீரோ ஹோண்டா பெட்ரோலிலேயே லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று சொல்லி விற்றது. எடை பாதி, வேகம் அதிகம், ஒரே உதையில் கிளம்பும். டீசல் புல்லட்டின் பெரிய வாதமே அங்கே அடிபட்டுப்போனது. 1994இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி வாகனப் புகைக்கான விதிகள் இறுகின. அந்த இஞ்சினை அந்த விதிகளுக்குள் கொண்டுவர வழியில்லாமல் டாரஸின் உற்பத்தி நின்றது.

அதன் கருத்து மட்டும் நிற்கவில்லை. ஜெர்மனியில் சோமர் என்ற சிறு நிறுவனம் இந்திய என்ஃபீல்டு சட்டத்தில் ஹாட்ஸ் டீசல் இஞ்சினைப் பூட்டி 462 சி.சி. வண்டிகளை விற்றது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைக்காகக் கவாசாகி வண்டி ஒன்றை டீசலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். டாங்கிக்கும் லாரிக்கும் ஊற்றும் எரிபொருளையே மோட்டார் சைக்கிளுக்கும் ஊற்ற வேண்டும், போர்க்களத்துக்குத் தனியாகப் பெட்ரோல் சுமக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒரே கேனை வைத்துப் போடக்கூடிய கணக்கும் அதுவேதான்.

இன்றைக்கு ஒரு டீசல் புல்லட்டை வாங்கி ஓட்ட முடியுமா? முடியும். அதற்குக் காவிரிப் படுகையைவிடத் தோதான இடம் அதிகம் இல்லை.

வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி. புக்கைப் பார்க்க வேண்டும். எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்று இருக்கிறதா, இஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்பதே முதல் சோதனை. பட்டறையில் மாற்றிய பெட்ரோல் புல்லட்டும் டீசல் புல்லட் என்ற பெயரில் விலைக்கு வரலாம்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அனுமதி வாங்காத அத்தகைய மாற்றம் செல்லாது. ஆலையிலிருந்து வந்த வண்டி என்றாலும் 15 ஆண்டுப் பதிவுக் காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போன ஆண்டுகள் எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விலை பேசுவது நல்லது. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை போட்டது நினைவிருக்கலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வெளி மாநிலத்து வண்டியை எடுப்பவர்கள் அங்கிருந்து தடையின்மைச் சான்று கிடைக்குமா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சரிசெய்யும் வேலை இரண்டு கூறாகப் பிரியும். முன்ஃபோர்க், சக்கரம், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் பெரும்பாலும் புல்லட் சாமான்கள். பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட் ஏறத்தாழ 2010 வரை தயாரானதால் இவை இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதை மட்டும் புதிதாக ஓட்டுபவர் மறக்கக் கூடாது. அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போய்விடும்.

மறு கூறு இஞ்சின். இதற்குப் புல்லட் மெக்கானிக்கைவிட ஆயில் இஞ்சின் மெக்கானிக்கே பொருத்தம். டெல்டாவின் சிறு நகரங்களில் அவர்களும் லேத் பட்டறைகளும் பம்ப், நாசில் சர்வீஸ் கடைகளும் இன்னும் இருக்கின்றன. கரும்புகை வந்தாலே பலர் இஞ்சின் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதலில் நாசிலைக் கழற்றிச் சோதனை மேடையில் பூட்டி, கைநெம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல நாசில் "கிர்" என்ற சத்தத்தோடு டீசலைப் பனிபோலத் தூவும். தேய்ந்தது ஒரு கோடாகப் பீய்ச்சும், முனையில் சொட்டு தொங்கும். அந்தச் சொட்டுதான் சரியாக எரியாமல் புகையாக வெளியே வருவது. நாசிலை மாற்றி, பம்பின் நேரத்தைச் சரிசெய்து, டீசல் பாதையில் காற்றை எடுத்துவிட்டாலே பாதி நோய் தீரும். நீலப்புகை வந்து, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமலே கிக்கர் லேசாக இறங்கினால் மட்டும் ரிங், லைனர் வரை போக வேண்டியிருக்கும்.

அதிர்வு இந்த வண்டியோடு பிறந்தது. அதை ஒழிக்க முடியாது, சமாளிக்கலாம். இஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, அடிக்கடி இறுக்கிப் பார்க்க வேண்டும். மட்கார்டு தாங்கிகளில் வெல்டிங் விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அதிர்வில் அடிக்கடி அறுந்துபோகும் இழை பல்புகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கு போட்டுக்கொள்ளலாம்.

செலவை மிச்சம் பிடிக்க என்று இன்று இதை வாங்க வேண்டியதில்லை. 2014இல் டீசல் விலையின் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு பெட்ரோலுக்கும் அதற்குமான தூரம் சுருங்கிவிட்டது. வாங்குவதற்கான காரணம் வேறு. டெல்டாவில் இருபோகம் நிலைக்க உதவிய இஞ்சின்களுக்கு யாரும் விழா எடுக்கவில்லை. கொட்டகையில் ஓடியவை பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அந்த இஞ்சின்களின் உறவுக்காரனை இன்னும் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிடைக்கும் வழி டீசல் புல்லட். திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரை டிராக்டரும் அறுவடை இயந்திரமும் மாடுகளும் கலந்து போகும் சாலையில் 45 கிலோமீட்டர் வேகமே நியாயமானது. அந்த வேகத்தில் இந்த இஞ்சின் மணிக்கணக்கில் சலிக்காமல் ஓடும். வீட்டுக் கொல்லையில் சாக்குப் போட்டு மூடிய டீசல் புல்லட் வைத்திருப்பவர்கள் அதைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடும் முன், ஆர்.சி. புக்கைத் தேடி எடுத்து, நாசில் சர்வீஸ் கடையில் ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம்.