1200 சி.சி. – ஒரு கோட்டின் கதை

கார் ஷோரூமுக்குள் நுழையும் நம்மூர்க் குடும்பத் தலைவர் கேட்கும் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" அடுத்தது, "பெரிய இன்ஜின் எடுத்தா எவ்வளவு கூட ஆகும்?" இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதியைக் கார் கம்பெனி எழுதவில்லை, டில்லியில் பட்ஜெட் போட்டவர்கள் எழுதினார்கள். காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். வரியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இந்த விஷயத்துக்கு அதுவே முக்கால்வாசி போதும்.

சி.சி. என்பது இன்ஜினின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவு, அவ்வளவுதான். அது பலத்தின் அளவு இல்லை. ஆனால் வரி போடுகிறவர்களுக்கு ஏதாவது ஒன்றை அளந்தாக வேண்டுமே!

இதை ஆரம்பித்து வைத்தவர்களில் இங்கிலாந்துக்காரர்கள் முக்கியமானவர்கள். 1921 முதல் அங்கே ஒரு குதிரைச் சக்திக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு வரி. அந்தக் குதிரைச் சக்தியை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டார்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பது கணக்கிலேயே இல்லை. அகலமான சிலிண்டர்கள் கொண்ட அமெரிக்க ஃபோர்டு மாடல் டி-க்கு 22 பவுண்டுக்கு மேல் வரி வந்தது. 1922-இல் வந்த குட்டி ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டு. விளைவு என்ன? இங்கிலாந்து இன்ஜினியர்கள் ஒல்லியான, உயரமான சிலிண்டர்களாகவே செய்து தள்ளினார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்த வரி போனது, பழக்கம் போகவில்லை. நம் அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சி.சி. பி.எம்.சி. இன்ஜினைப் பாருங்கள்: சிலிண்டர் விட்டம் சுமார் 73 மி.மீ., பிஸ்டன் போகும் தூரம் சுமார் 89 மி.மீ. அம்பாசடர் வேகமாக ஓடாது, ஆனால் எவ்வளவு பேரை ஏற்றினாலும் இழுக்கும் என்று தாத்தாக்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த லண்டன் வரியின் வாசனையும் கொஞ்சம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அடுத்து ஜப்பான். அங்கே சிறிய கார்களுக்குத் தனி வகுப்பு, தனி வரிச் சலுகை. எல்லை ஒரு காலத்தில் 360 சி.சி., 1976-இல் 550, 1990-இல் 660. சுசுகி 1979-இல் கொண்டுவந்த ஆல்ட்டோ இந்த 550-க்குள் அடங்கச் செய்யப்பட்ட வண்டி. அந்தச் சட்டம் இல்லாத நாடுகளுக்கு அதே உடம்பில் 796 சி.சி. இன்ஜின் வைத்து அனுப்பினார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 என்ற பெயரில் நமக்கு வந்தது அதுதான். ஆக, நாம் "சின்ன இன்ஜின்" என்று நினைத்துக்கொண்டிருந்தது, அந்தக் காரைப் பொறுத்தவரை பெரிய இன்ஜின்! வண்டியின் எடை குறைவு என்பதால் 796-ஏ தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

எடை கூடினால் கதை மாறும். 1990-இல் வந்த மாருதி 1000 நல்ல உதாரணம். டிக்கி வைத்த முழுக் கார், இன்ஜின் 970 சி.சி. மட்டும், 46 குதிரைச் சக்தி. பார்க்கப் பணக்காரத் தோற்றம், ஏற்றத்தில் மூச்சு வாங்கல். 1994-இல் கிட்டத்தட்ட அதே உடம்பில் 1298 சி.சி., 65 குதிரைச் சக்தி வைத்து எஸ்டீம் என்று பெயர் மாற்றினார்கள். அப்புறம்தான் அந்தக் கார் தலை நிமிர்ந்தது.

இப்போது முக்கியமான தேதிக்கு வருவோம். 2006 பிப்ரவரி 28. நிதியமைச்சர் ப. சிதம்பரம் பட்ஜெட்டில் சிறு கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறு கார் என்றால் எது? நீளம் 4000 மி.மீ.க்குள், இன்ஜின் பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500-க்குள். இந்தியாவைச் சிறு கார்களின் உற்பத்தி மையமாக ஆக்குவது நோக்கம்.

2005-இல் வந்த ஸ்விஃப்ட் நீளத்தில் சிறு கார்தான், நாலு மீட்டருக்கு நன்றாகவே உள்ளே. ஆனால் இன்ஜின் 1298 சி.சி. வெறும் 98 சி.சி. கூடுதல் என்பதால் சட்டப்படி பெரிய கார். தொழிற்சாலை விலை 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்த 98 சி.சி.க்கு 8 சதவீதம், அதாவது 32,000 ரூபாய். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் கெட்ஸுக்கும் இதே கதி. அது 1341 சி.சி. ஹூண்டாய் என்ன செய்தது? 2007-இல் கெட்ஸ் பிரைமில் 1086 சி.சி. இன்ஜின் வைத்து ஒரு மலிவு மாடல் விட்டது. சான்ட்ரோவில் இருந்த அளவு இன்ஜின், அதைவிடக் கனமான உடம்பில். 83 இருந்த இடத்தில் 66 குதிரைச் சக்தி. வாங்கியவருக்கு பில்லில் லாபம், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு ஏசியும் போட்டு ஏறும்போது நஷ்டம். அங்கே முதல் கியரிலும் இரண்டாவதிலும் இன்ஜினைக் கதற விட வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் சின்ன இன்ஜினின் மைலேஜும் ஓடிவிடும். நகரத்துக்குள் தனியாக ஆபீஸ் போய் வருகிறவருக்கோ நேர் எதிர். பெரிய இன்ஜினை ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் உருட்டுவது பெட்ரோலுக்குத்தான் கேடு.

நியாயமாகச் சொன்னால், கோடு நல்லதும் செய்தது. 2010-இல் ஸ்விஃப்ட்டுக்கு 1197 சி.சி. புது இன்ஜின் வந்தது. பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதிகளும் அந்த வருடம்தான். 101 சி.சி. குறைந்தும் பலம் 87-லிருந்து 85 ஆகத்தான் இறங்கியது. வரிக்குப் பயந்தாவது இன்ஜினியர்கள் மெனக்கெட்டார்கள்.

ஆனால் 2013-இல் மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் இந்தக் கணக்கையே கேலிக்கூத்தாக்கியது. நீளம் 3999 மி.மீ. (அந்த ஒரு மில்லிமீட்டரைக் கவனியுங்கள்!). அதில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள். 1499 சி.சி.க்கு 112 குதிரைச் சக்தி, சலுகை இல்லை. 999 சி.சி.க்கு 125 குதிரைச் சக்தி, சலுகை உண்டு. சின்னதில் டர்போ இருந்தது. காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் சின்ன இடத்திலேயே அதிக பெட்ரோல் எரியும். பலம் அதிகம் உள்ளதற்கு வரி குறைவு என்றால், சட்டம் எதைத்தான் அளக்கிறது?

2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது, கோடு அப்படியே இருந்தது. விட்டாரா பிரெஸ்ஸாவின் கதை அதைவிட வேடிக்கை. 1248 சி.சி. டீசலோடு விற்றபோது சிறு கார், மொத்த வரி 31 சதவீதம். 2020-இல் மாருதி டீசலைக் கைவிட்டு 1462 சி.சி. பெட்ரோல் வைத்தது. 3995 மி.மீ. நீளத்தில் மாற்றமில்லை, வரி மட்டும் 45 சதவீதம்.

2025 செப்டம்பர் 22 முதல் செஸ் எல்லாம் போய், சிறு காருக்கு 18, மற்றதற்கு 40. எல்லாருக்கும் குறைந்தது என்று நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் கழித்துப் பாருங்கள். முன்பு சிறிய பெட்ரோல் காருக்கு 29, கோட்டைத் தாண்டியதற்கு 45, இடைவெளி 16. இப்போது இடைவெளி 22. தொழிற்சாலை விலை 6 லட்சம் உள்ள பெட்ரோல் காருக்கு 1200 சி.சி.க்குள் என்றால் வரி 1,08,000 ரூபாய், ஒரு சி.சி. தாண்டினாலும் 2,40,000. ஐந்து பேர் குடும்பம், மாதம் ஒருமுறை மலையோ நெடுஞ்சாலையோ போகிறவர்கள் என்றால், கொஞ்சம் பெரிய இன்ஜினுக்காகத் தர வேண்டியது இன்ஜினின் விலையோடு இந்த 1,32,000-மும் சேர்த்து. என்னைக் கேட்டால் இந்தக் கணக்கில் டர்போ வைத்த 1 லிட்டர் இன்ஜின்தான் நடுத்தரக் குடும்பத்துக்குச் சட்டமே திறந்து வைத்திருக்கும் பின்வாசல்.

மின்சாரக் காருக்கு சி.சி.யே கிடையாது. அதனால் அங்கே கோடு போட இடமில்லை. எவ்வளவு நீளமாக இருந்தாலும், எவ்வளவு விலையாக இருந்தாலும் 5 சதவீதம்தான்.